காந்தத்தைச் சூடாகவிடாமல் காத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் மையக் கருவியியல் கூடத்தில் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை இந்த மாதத்தோடு ஒப்படைக்கிறேன். பிரிவுபசார விழாவில் சால்வை போட்டு, ‘கூடத்தை உருவாக்கியவர்’ என்று மேடையில் சொன்னார்கள். கூச்சமாக இருந்தது. ஒரு கருவி வந்து இறங்குவதற்கும் அது நிற்காமல் ஓடுவதற்கும் எத்தனை பேர் கை கொடுத்தார்கள் என்பதை அங்கே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி வேதியியல், இயற்பியல் துறைகளின் மூத்த பேராசிரியர்களுக்கு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000-இல் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டத்தில் நிதி பெரும்பாலும் துறைவாரியாகத்தான் வரும். அந்தந்தத் துறை தன் கருவியை வாங்கி, தன் அறையில் வைத்து, சாவியைத் தலைவரின் மேசை டிராயரில் போட்டுக்கொள்வதுதான் பல இடங்களில் நடப்பு. பக்கத்துத் துறை மாணவன் ஒரு சாம்பிள் ஓட்ட வேண்டுமென்றால் யார் மூலமாகக் கேட்பது என்று யோசித்தே ஒரு வாரம் போய்விடும். இங்கே அப்படி ஆகவில்லை. கருவிகளைப் பொதுக் கூடத்தில் வைக்க இரண்டு துறைகளும் சம்மதித்தன. ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்த ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்தையே காலி செய்து கொடுத்தார். கண்ணாடிச் சாமான்களைத் தாமே செய்தித்தாளில் சுற்றி, வராந்தா அலமாரியில் அடுக்கினார். “எனக்கென்னப்பா, ஸ்பெக்ட்ரம் கைக்கு வந்தால் சரி” என்றார். அந்த அறையில்தான் இன்று எங்கள் 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் நிற்கிறது. மூலக்கூறின் அமைப்பை ஸ்பெக்ட்ரம் என்ற வரைபடமாகக் காட்டும், பெரிய காந்தம் கொண்ட கருவி அது.

அது வருவதற்கு முன் எங்கள் மாணவர்களுக்குக் கதி சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையம்தான். 1970-களில் ஆர்.எஸ்.ஐ.சி. என்ற பெயரில் தொடங்கிய இந்த மையங்கள், சொந்தக் கருவி இல்லாத கல்லூரிகளுக்கும் சிறு பல்கலைக்கழகங்களுக்கும் செய்திருப்பது சின்ன உதவியல்ல. தமிழ்நாட்டில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய எத்தனையோ பேரின் ஆய்வேட்டில் அங்கே எடுத்த ஸ்பெக்ட்ரம் ஒன்றாவது இருக்கும். எங்கள் தொழில்நுட்ப உதவியாளரைக் கூடவே உட்காரவைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்புறம், அன்றைய துணைவேந்தர். கட்டடம், ஜெனரேட்டர், யுபிஎஸ் எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து ஒப்புதல் தந்துவிட்டு, பிறகு ஒருமுறைகூடக் குறுக்கே வரவில்லை. அது எவ்வளவு பெரிய குணம் என்பது பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை ஏற்று நடத்தத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் முதலில் சர் சி. வி. இராமனைத்தான் அழைத்தார். அவர் மறுத்து, தன் மாணவர் ஜி. என். இராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயதுகூட நிரம்பியிராத இளைஞர் வந்தார். எதை ஆராய்வது, எந்தக் கருவி வாங்குவது என்பதெல்லாம் அவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1954-இல், தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனின் மும்முறுக்கு வடிவம் வெளிவந்தது. 1963-இல், புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உலகமே இன்றும் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபடம் வந்தது. ஆராய்ச்சிக்கான கொலாஜன், பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. பணம் ஒரு பங்கு என்றால், நம்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது இன்னொரு பங்கு. எங்கள் துணைவேந்தர் அந்த இரண்டாம் பங்கையும் தந்தார்.

நிதிப் பிரிவை யாரும் மேடையில் நினைவுகூர்வதில்லை. எனக்கு அவர்கள்தான் குருமார்கள். ஜி.எப்.ஆர். 12-ஏ என்ற அரசுப் படிவத்தில் யூ.சி., அதாவது நிதியைச் செலவிட்டதற்கான சான்றிதழ், நிரப்பி, வட்டியைத் தனியாகக் காட்டி, ஆடிட்டர் கையெழுத்து வாங்கி அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது. பிரிவு அலுவலர் அம்மா ஒருவர், மார்ச் மாதக் கடைசி வாரத்தில் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து எங்கள் ஃபைலை முடித்துக் கொடுப்பார். 2022 ஜூலையில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை எடுக்கப்பட்டு, பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம் என்றானபோது, டெண்டர் முடிந்திருந்த எங்கள் புதிய கருவிக்குத் திடீரென்று பணம் பற்றாமல் போனது. இருக்கிற விதிக்குள்ளேயே வழி தேடிக் கொடுத்தவர் அவர்தான்.

இனி காந்தத்துக்கு வருகிறேன். என்எம்ஆர் கருவியின் உள்ளே இருக்கும் மீக்கடத்திக் கம்பிச் சுருள் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது) மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். மின்சாரம் போனால் காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் குளிர்ச்சி குறையக் கூடாது. நைட்ரஜனை வாராவாரம் ஊற்ற வேண்டும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. தவறினால் சுருள் மீக்கடத்தும் தன்மையை இழக்கும், உள்ளே இருக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகும், ஹீலியம் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறும். க்வெஞ்ச் என்பார்கள். மறுபடி உயிர்ப்பிக்கப் பல லட்சம் ஆகும். சில காந்தங்கள் பிழைப்பதே இல்லை.

2020 மார்ச் ஊரடங்கில் வளாகம் மூடப்பட்டது. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். காந்தத்துக்கு ஏது ஊரடங்கு? எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் இ-பாஸ் வாங்கிக்கொண்டு வாரந்தோறும் பைக்கில் வந்து நைட்ரஜன் ஊற்றினார். குழாயின் நுனியில் வெண்பனி படியும், தரையில் புகை பரவும், நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் வால்வை மூடுவார். இரவுக் காவலர் அண்ணன் ஹீலியம் மட்டம் காட்டும் திரையைத் தினமும் செல்போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். அது அவர் வேலையே இல்லை. ‘நம்பர் கீழ வந்தா பயமா இருக்கு சார்’ என்று ஒருநாள் எழுதியிருந்தார்.

2021 மே மாதம் இன்னும் மோசம். இரண்டாம் அலையில் மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் போதாமல், நாட்டில் பல நைட்ரஜன் ஆலைகளையே ஆக்சிஜன் தயாரிப்புக்கு மாற்றினார்கள். மாற்றியதுதான் நியாயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்களுக்கு வரவேண்டிய நைட்ரஜன் நின்றுபோனது. அப்போது கைகொடுத்தவர் பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவர். மாடுகளுக்குச் சினை ஊசி போடப் பயன்படும் உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜனில்தான் வைத்திருப்பார்கள். தன் தேவைக்கு எடுத்து வைத்தது போக மிஞ்சியதைச் சிறு கலன்களில் தந்து உதவினார். கோடி ரூபாய்க் காந்தம் அந்த மாதம் மாட்டு ஆஸ்பத்திரி தயவில் பிழைத்தது என்று நாங்கள் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஃபிஸ்ட் திட்டக் காலம் 5 ஆண்டுகள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் காந்தம் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடும். திட்டம் முடிந்த பிறகு ஹீலியத்துக்கும் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் யார் பணம் தருவது? நாம் பயன்படுத்தும் ஹீலியம் பெரும்பாலும் இறக்குமதி. விலை ஏறுமே தவிர இறங்கிப் பார்த்ததில்லை. கருவி வாங்கும்போது திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள், அதைக் காப்பாற்றக் கேட்கும்போது வேறு அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். இந்த இடத்தில்தான் எங்கள் முன்னாள் மாணவர்கள் கைகொடுத்தார்கள். கல்வெட்டில் பெயர் கேட்காமல், புதிய கட்டடம் கட்டுகிறேன் என்று கிளம்பாமல், ‘ஹீலியம் கணக்கு’ என்று ஒன்றைத் தொடங்கிப் பணம் போட்டார்கள். ஆவியாகிப் போகிற பொருளுக்கு நன்கொடை கொடுக்கத் தனி மனசு வேண்டும்.

வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் நன்றி. அவர்கள் கட்டிய சலுகைக் கட்டணம் சிறு தொகைதான். ஆனால் அவர்கள் சாம்பிள் வரிசையில் நின்றதால்தான் கருவி சும்மா கிடக்கிறது என்று யாரும் சொல்ல முடியவில்லை. இரவு ஏசி பழுதானால் ஏணியோடு ஓடிவரும் மின்பணியாளர்களுக்கும், அந்த அறைக்குள் இரும்பு வாளியைக் கொண்டுவராமல் பிளாஸ்டிக் வாளியோடு வந்து சுத்தம் செய்யும் அக்காவுக்கும் என் நன்றி.

ஹீலியம் கணக்கின் வரவு செலவு, சப்ளையர்களின் தொலைபேசி எண்கள், நைட்ரஜன் ஊற்றும் நாட்குறிப்பு எல்லாவற்றையும் புதிய ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அடுத்த ஹீலியம் நிரப்பல் தீபாவளிக்கு முன்பே வருகிறது. இருப்பில் உள்ள பணம் அதற்குப் போதும், அதற்கடுத்ததற்குப் போதாது. முன்னாள் மாணவர்கள் அவரிடம் பேச வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
முன்னாள் ஒருங்கிணைப்பாளர்,
மையக் கருவியியல் கூடம்