கேட்கிறவர் முகம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

நீ டிவியில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போன நெட்ஃபிக்ஸில் ஒருவழியாக 'மெய்யழகன்' பார்த்துவிட்டோம். தியேட்டரில் ஓடும்போதே நீளம் என்று 18 நிமிடம் வெட்டினார்களாமே! எனக்கென்னவோ இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கலாம் என்றுதான் பட்டது. கார்த்தி விடிய விடியப் பேசுகிறார், எல்லாரும் அவரைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கு அரவிந்த்சாமி முகத்தை விட்டுக் கண் நகரவில்லை. தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வந்த மனுஷர். "அத்தான், அத்தான்" என்று கார்த்தி ஒட்டிக்கொள்கிறான். இவருக்கு அவன் பெயர் ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். இவர் விட்டுப்போன பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்துக்கு எப்படிக் கை கொடுத்தது என்று அவன் சொல்லச் சொல்ல, இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அம்மாதான் கடைசிவரை, "பேரு என்னப்பான்னு வாயைத் திறந்து கேட்டா என்ன குறைஞ்சுடும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கல்யாண வீட்டில் பெயர் தெரியாமல் முழிக்கிற அவஸ்தை அவளுக்கு எங்கே தெரியும்? சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நட்சத்திரமும் அவளுக்கு மனப்பாடம்.

அந்த ஜோரில் மறுநாள் 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பேய்க்கதை சொல்கிற இடம் உனக்கே தலைகீழ்ப் பாடம். இந்த முறை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, நாகேஷுக்கு அப்பாவாக வருகிற பாலையாவை மட்டும் பார்த்தேன். பிள்ளை படம் எடுக்கிறேன் என்று அலைகிறானே என்ற கடுப்பில் இருப்பவர், கதை போகப்போக உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்கிப்போகிறார். எதிரே அவர் பயப்படாவிட்டால் நாகேஷ் செய்வது வெறும் மிமிக்ரிதான்.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது அதே பாலையா தவிலோடு உட்கார்ந்தார். நாயனம் நிஜத்தில் வாசித்தது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி கன்னம் உப்புவதைப் பார்த்தால் நம்ப மனசு வராது. 'நலந்தானா' பாட்டு வரும்போது சிவாஜி, பத்மினியை விட்டுவிட்டுத் தவில் பக்கம் கொஞ்சம் கண் வை.

போனில் ஏதோ மலையாளப் படம் நன்றாக இருக்கிறது என்றாயே, பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பு. வெட்டுக்குத்து இருந்தால் வேண்டாம், அம்மா எழுந்து போய்விடுவாள். கீழே தமிழில் எழுத்து ஓடுமா என்றும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா