பென்டர் உறைகளையும் அலசுங்கள்

ஆசிரியருக்கு,

நயினாதீவுக்குப் படகு போகும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுகளை ஒன்றோடொன்று அணைத்தே கட்டுகிறார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் சோளகக் காற்றும் சேர்ந்துகொண்டால், விலாவோடு விலா இடிபடாத படகு இல்லை. அந்த இடியைத் தாங்கப் பழைய ரயர்களைத் தொங்கவிடுவது வழக்கம். அவை வெள்ளைப் பூச்சில் கருங்கோடு இழுக்கும். ஏறி இறங்குகிறவர்களின் வேட்டி சேலையையும் விட்டுவைப்பதில்லை. அதனால் சில படகுக்காரர்கள் பென்டர் எனப்படும் காற்றடைத்த பிளாஸ்ரிக் இடிதாங்கிகளை வாங்கித் துணியுறையும் போடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் போட்ட உறையை யாராவது கழுவுகிறார்களா?

நான் ஃபைபர் படகு திருத்துகிறவன். உறை தொங்கிய இடத்தைக் கையால் தடவினாலே தெரிந்துவிடும்: சுற்றிவர வழுவழுப்பு, அந்த ஒரு முழ இடம் மட்டும் சொரசொரப்பு. உறையைக் கழற்றி உதறினால் மணலும் சிப்பித் தூளும் உப்புப் பரலும் கொட்டுகின்றன. படகு அசையும்போதெல்லாம் இவை அரத்தாளாய் நின்று பூச்சைத் தேய்க்கின்றன. இப்படிப்பட்ட உறையைவிட வெறும் பென்டரே மேல் என்று படகுக்காரரிடம் நேரே சொல்லிவிடுவேன். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் அந்தத் துணி வெயிலிலும் சரியாகக் காய்வதில்லை. சாக்கை வெட்டித் தைப்பவர்களும் இருக்கிறார்கள். சாக்கு மணலை விடாது, விரைவில் உக்கியும் போகும். தடித்த, மென்மையான செயற்கை இழைத் துணியே ஏற்றது.

தீவகத்தில் நன்னீரின் அருமை எனக்கும் தெரியும். கோடையில் கிணறுகள் உவர்த்துவிடுகின்றன. ஆகவே முதலில் உறையை உட்புறம் வெளியே திருப்பிக் கடல்நீரிலேயே அலசி மணலைப் போக்குங்கள். பிறகு ஒரு வாளி நன்னீரில் ஊறவிட்டுப் பிழியுங்கள். இந்தக் கடைசித் தண்ணீர்தான் உப்பை எடுக்கும். டீசல் பட்டிருந்தால் கொஞ்சம் சவர்க்காரத் தூள் போதும், அந்த அழுக்குத் தண்ணீரைக் கடலில் ஊற்ற வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டால் நூல் நைந்துவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பென்டரின் அடி தண்ணீரில் முட்டாதபடி கயிற்றைக் கட்டுங்கள். நனைந்தபடியே தொங்கினால் பாசி பிடிக்கும்.

இறங்குதுறைக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு கோரிக்கை. நூறு சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1,000 லீற்றர் தண்ணீர். அங்குள்ள கூரைகளுக்குப் பீலி பூட்டி, மூடிய தொட்டி ஒன்றை வைத்து, இந்த மாரி மழையைப் பிடித்துத் தாருங்கள். உறை அலசுவதற்குப் படகுக்காரர் குடிதண்ணீரில் கைவைக்க வேண்டியிராது.

படகு திருத்துநர்,
வேலணை.