தடுப்பூசியில் சென்னையின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா தடுப்பூசிகள் ஓராண்டுக்குள் உருவானதை வியந்து எழுதுகிறவர்கள், அதற்கு அடித்தளமிட்ட பெப்டைடு (புரதங்களை உருவாக்கும் அமினோ அமிலச் சங்கிலி) வடிவ ஆய்வுகளைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை என்பது வருத்தமளிக்கிறது. வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் நம் செல்லோடு இணையும்போது தன் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். மாறுவதற்கு முந்தைய வடிவத்தை நம் உடலுக்குக் காட்டினால்தான் வலுவான எதிர்ப்பாற்றல் கிடைக்கும் என்பதால், ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் அப்புரதத்தின் 986, 987ஆம் இடங்களில் இருந்த லைசின், வாலின் என்னும் அமினோ அமிலங்களை நீக்கிவிட்டு, இரண்டிலும் புரோலின் என்னும் அமினோ அமிலத்தை வைத்தார்கள். புரோலினின் பக்கத்தொடர் (பக்கவாட்டில் நீளும் அணுத்தொகுதி) பெப்டைடுச் சங்கிலியோடே வளையமாகப் பிணைந்திருப்பதால், அவ்விடத்தில் சங்கிலி எளிதில் திரும்பாது; புரதமும் முந்தைய வடிவிலேயே நிற்கும்.

பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்பதை 1963இல் வரைபடமாக்கி வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோர். புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் அவ்வரைபடம் பயன்படுகிறது. இரத்தக்குழாய்ச் சுவருக்கு வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதத்தின் மும்முறுக்கு (மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிய) வடிவத்தையும் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் சென்னையில்தான் கண்டறிந்தார்.

உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வு நிதியை முடிவு செய்யும் போக்கு கைவிடப்பட வேண்டும். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் இவ்வரலாறு மாணவர்களுக்குப் புரியும்படி விரிவாக வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை.