மகளுக்கு: விடுமுறைக்கு முந்தைய வாரங்களைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக நீ பார்க்கப்போகும் முதல் பண்டிகைக்கால விடுமுறை இது. தோரணம் கட்டுதல், வாழ்த்து அட்டைப் போட்டி, கலைநிகழ்ச்சி, பரிசளிப்பு என்று நாளுக்கு ஒன்றாகத் திட்டமிட்டு நீ அனுப்பியிருந்த பட்டியலைப் படித்தேன். பிள்ளைகள் மேல் உனக்கிருக்கும் ஆசை அதில் வரிக்கு வரி தெரிகிறது. ஆயினும் ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் தொலைபேசியில் பேசாமல் எழுதுகிறேன். கொண்டாட்டங்களில் பாதியைக் குறைத்துவிட்டு, வழக்கமான கால அட்டவணையைக் கடைசி நாள் வரை குலையாமல் வைத்துக்கொள்.

ஏழு வயதுப் பிள்ளை நாளின் ஒழுங்கை வருகைப்பதிவு, முதல் பாடம், இடைவேளை, கதைநேரம் என்ற வரிசையைக் கொண்டுதான் உணர்கிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அந்த வயதுக்குப் பெரிய தைரியம். விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் பள்ளிகள் முதலில் கலைப்பது இந்த வரிசையைத்தான். எல்லா வீட்டிலும் விடுமுறை மகிழ்ச்சியாக இருப்பதில்லை என்பதையும் நினைத்துப் பார். இந்த ஆண்டு வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளை, பெற்றோர் பிரிந்துவிட்டதால் யாரிடம் இருக்கப்போகிறோம் என்று தெரியாத பிள்ளை, எல்லோரும் வேலைக்குப் போய்விட நாள் முழுவதும் தனியாக இருக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் தினமும் ஒரே முகம், ஒரே குரல் தங்கள் பெயரைச் சொல்லி அழைக்கும் இடம் உன் வகுப்பறைதான். அது சில வாரங்களுக்கு மூடப்படும் என்பது அவர்களுக்கு நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

‘பயமாக இருக்கிறது’ என்று அவர்கள் உன்னிடம் வந்து சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலி என்பார்கள், தலைவலி என்பார்கள். அமைதியாக இருந்த பிள்ளை பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிடும். ஆசிரியர் அறையில், ‘விடுமுறை வருகிறதல்லவா, பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை’ என்று பேசிக்கொள்வோம். பலருக்கு அது உண்மைதான், எல்லோருக்கும் அல்ல. என் வகுப்பில் ஒரு பையன் காலை முழுவதும் உட்கார்ந்து ஒட்டிய காகிதச் சங்கிலியை, அலங்காரம் முடியும் நேரத்தில் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டான். நான் எதுவும் கேட்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினேன். பாதி பொறுக்கிய பிறகு அவன் தலை நிமிராமல் கேட்டான்: “லீவு முடிஞ்சு வந்தா நான் இங்கதானே உக்காருவேன்?” அவனுடைய மேசையின் உட்புறத்தில் அவன் பெயரை எழுதி ஒட்டி, அதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அன்று முதல், திரும்பி வரும் நாள் எப்படி இருக்கும் என்பதை விடுமுறைக்கு முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்: யார் எங்கே உட்காருவார்கள், முதல் பாடம் எது, கதவருகே நான் நிற்பேனா என்பது வரை.

காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மகிழ்ச்சி, கோபம், பயம், வருத்தம் என்று முகங்கள் வரைந்த அட்டையில் அவரவர் பெயர்ச்சீட்டை வைக்கச் சொல். ‘சொல்ல விருப்பமில்லை’ என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். 2007-இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழுவினர் நடத்திய மூளைப்படச் சோதனையில், முகங்களில் தெரிந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் இயக்கம் தணிந்ததைக் கண்டார்கள். அது பெரியவர்களிடம் செய்த சோதனை. ஆனாலும் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை கையை ஓங்குவது குறைகிறது என்பதை நான் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

வாழ்த்து அட்டை செய்வது நல்ல வேலை, விட்டுவிடாதே. ஆனால் ‘அம்மா அப்பாவுக்கு’ என்று பலகையில் எழுதாமல், ‘உனக்குப் பிடித்த ஒருவருக்கு’ என்று எழுது. போட்டியையும் முதல் பரிசையும் எடுத்துவிடு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு உனக்குப் பயிற்சியில் வந்திருக்கும்: ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. ஆசையாகச் செய்வதை ஆசைக்காகவே செய்யட்டும்.

கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை வேண்டும், ஆனால் விளையாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளாதே. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஓட்டம்தான் முதல் மருந்து. மேடைக்கு அஞ்சும் பிள்ளைக்குத் திரை இழுப்பது, மணி அடிப்பது போன்ற பொறுப்பைக் கொடு. இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு வாசலுக்கு அருகே ஓர் இருக்கை வை.

பெற்றோருக்கு நீண்ட சுற்றறிக்கை வேண்டாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணிநேரத் தூக்கம் தேவை, விடுமுறையிலும் படுக்கும் நேரமும் எழும் நேரமும் பெரிதும் மாற வேண்டாம் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

இன்னொன்று, இதில் மட்டும் தயங்காதே. வீட்டில் தனக்குத் தீங்கு நேர்வதாக ஒரு பிள்ளை சாடையாகச் சொன்னாலும், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதே. சொன்னது நல்லதுதான், இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல். துருவித் துருவிக் கேட்காமல், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அன்றைக்கே தலைமை ஆசிரியரிடமும் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமும் கொடுத்துவிடு. விடுமுறை முடிந்து பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளை அத்தனை நாளும் அந்த வீட்டில்தான் இருக்கப்போகிறது.

திரும்பி வரும் முதல் நாளில் ‘விடுமுறையை எப்படிக் கழித்தேன்’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் பழக்கத்தை நீயாவது விட்டுவிடு. எங்கே போனாய், என்ன வாங்கித் தந்தார்கள் என்ற கேள்விகளும் அப்படித்தான். எங்கும் போகாத பிள்ளை அங்கே பொய் எழுதக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பதிலாக, கடைசி நாள் கதைநேரத்தில் ஒரு நீண்ட கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, பள்ளி திறக்கும் அன்று அதே இடத்திலிருந்து வாசி. ‘அந்தக் கிணற்றுக்குள் என்ன இருந்தது?’ என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு ஓடிவரும் பிள்ளைக்கு, வகுப்புக்குள் நுழைவது கடினமாக இருக்காது.

பட்டியலைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு. ஒத்திகை நேரங்களை மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா