நாற்பதுக்குப் பிறகு ட்ரையத்லன்: தண்ணீரில் இருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடியற்காலையில் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்திலும் கடற்கரை வீதியிலும் நடப்பவர்களிடையே இப்போது ட்ரையத்லன் பேச்சு அடிபடுகிறது. நீந்தி, சைக்கிள் ஓடி, இறங்கிய கையோடு ஓட்டமும் ஓடி முடிக்கும் போட்டி அது. விசாரிப்பவர்களில் பெரும்பாலானோர் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்பது. சைக்கிளை ஆறு மாதம் கழித்தும் வாங்கலாம். இந்த வயதில் ஆளை மடக்குபவை தண்ணீரும், கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாணும்தான். அந்த இரண்டையும் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறோம்.

தூரத்தை முதலில் சொல்லிவிடலாம். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி சேர்ந்தபோது நீச்சல் 1.5 கிலோமீற்றர், சைக்கிள் 40, ஓட்டம் 10. அதில் பாதித் தூரப் போட்டிக்கு ‘ஸ்பிரின்ட்’ என்று பெயர். 2018 இல் கொழும்புக்கு வந்த ‘அயன்மேன் 70.3’ என்ற நீண்டதூரப் போட்டியில் அதே வரிசையில் 1.9, 90, 21.1 கிலோமீற்றர். அதைப் பார்த்து ஆசை வந்தவர்கள் பலர். ஆசையில் பிழையில்லை, ஆனால் முதல் ஆண்டுக்கு 400 மீற்றர் நீச்சல், 10 கிலோமீற்றர் சைக்கிள், 2.5 கிலோமீற்றர் ஓட்டம் போதும்.

தொடங்குமுன் பிறஷர், வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்ரோல், ஈசிஜி நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். தகப்பனுக்கோ சகோதரங்களுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குளிசை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிறஷருக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனொலோல், பிசொப்ரொலோல் போன்றவை நாடித்துடிப்பைத் தாழ்த்தி வைப்பவை. கைக்கடிகாரம் காட்டும் இலக்கத்தை நம்பி ஓடினால், உடல் தாங்கும் அளவைத் தாண்டியது தெரியாமலே போய்விடும். அவர்களுக்குப் பேச்சுத்தான் அளவுகோல்: முழு வசனம் பேச முடிந்தால் சரி, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. சீனி வியாதிக்கு இன்சுலினோ கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவர் வெறுவயிற்றில் ஒரு மணித்தியாலம் சைக்கிள் ஓடினால் சீனி சடுதியாக இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். குளிசையின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி நீச்சல். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த ட்ரையத்லன் போட்டிகளை ஆராய்ந்தவர்கள், இறந்தவர்களும் இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுமாக 135 பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நடந்தது. சராசரி வயது ஏறத்தாழ 47. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். நம்மூரில் சைக்கிள் விலை விசாரிக்கும் அதே வயதுக்காரர்கள்.

வாவிக்கரையில் வளர்ந்தவர்கள் தமக்கு நீந்தத் தெரியும் என்பார்கள். தலையைத் தூக்கிக்கொண்டு ஐம்பது மீற்றர் போவார்கள். 400 மீற்றருக்கு அது உதவாது. தலை உயர உயர இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த காலை இழுத்துக்கொண்டு போவதிலேயே பலமெல்லாம் கரைந்துவிடும். மூச்சு முட்டுவதை ஒட்சிசன் போதாமை என்று எண்ணி மேலும் மேலும் காற்றை உள்ளே இழுப்பார்கள். இழுத்த காற்றை வெளியே விடாததால் காபனீரொட்சைட்டு தேங்குவதே பெரும்பாலும் காரணம். அதனால் முதல் வாரம் கை வீசவே தேவையில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, வாயால் ஒரு மூச்சு எடுத்து, முகத்தை அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் ஐந்தாறு செக்கன் குமிழி விடுங்கள். இருபது தரம் பதற்றமில்லாமல் வந்த பின், சுவரை உதைத்துக் கைகளை முன்னே நீட்டி, கண் நேர்கீழே தரையைப் பார்க்க மிதந்து போய்ப் பழகுங்கள். அடுத்தது பக்கவாட்டு மூச்சு. தலையைத் தூக்காமல் உடலோடு சேர்த்துச் சரிக்க வேண்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கால் இடுப்பிலிருந்து அசையட்டும். முழங்காலை மடித்து உதைப்பவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

இவை கைவந்தபின் 25 மீற்றரை எட்டுத் தரம் நீந்துங்கள், இடையில் 30 செக்கன் ஓய்வு. பிறகு 50 மீற்றர் நாலு தரம், 100 மீற்றர் நாலு தரம். கிழமைக்கு மூன்று நாள் இறங்கினால் பத்துப் பன்னிரண்டு கிழமை பிடிக்கலாம். அதற்குமேல் பிடித்தாலும் வெட்கமில்லை.

எங்கே பழகுவது? நீச்சல் தடாகம் கிட்டினால் அதுதான். வாவியில் வேண்டாம், முதலை உண்டு. குளங்களிலும் அதே கதை, கூடவே தாமரைக் கொடியும் பாசியும். முகத்துவாரத்தில் வாவித் தண்ணீர் கடலுக்குப் பாயும் நேரத்தில் இழுவை கடுமை. கல்லடிக் கரை திறந்த கடல். ஆழம் சட்டென்று விழும், அலை கரையிலேயே உடையும். நன்றாக நீந்துபவரும் வெளியே வரும்போது அங்கே தோளை அடித்துக்கொள்வார். கடற்பயிற்சிக்குப் பாசிக்குடாவே பொருத்தம். தரை நெடுந்தூரம் மெல்லச் சரிகிறது, அலையும் அடங்கியிருக்கும். மாரிக் கடல் ஓய்ந்தபின், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வைத்துக்கொள்ளலாம். அங்கும் ஆழத்தை நோக்கிப் போகாமல், நெஞ்சளவுத் தண்ணீரில் கரையோடு இணையாக நீந்துங்கள். உல்லாசப் படகுகள் ஓடுமிடம் என்பதால் மஞ்சளோ செம்மஞ்சளோ தொப்பி கட்டாயம். இடுப்பில் கட்டி இழுக்கும் மிதவை இருந்தால் இன்னும் நல்லது. தனியே இறங்கவே கூடாது. எட்டுக் கைவீச்சுக்கு ஒரு தரம் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து கரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ குறிபாருங்கள். குறியில்லாமல் எவரும் நேராகப் போவதில்லை. முதல் நூறு மீற்றரை மிக மெதுவாகப் போக வேண்டும். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை அப்படியே இருங்கள். மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் கையை உயர்த்தி உதவி கேட்டுக் கரையேறுங்கள். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலைதான் மிச்சம்.

உடை பற்றி ஒரு சொல். தொளதொளத்த பருத்திச் சட்டைக்குள் தண்ணீர் புகுந்து பின்னே இழுக்கும். உடலை மூடி நீந்த விரும்பும் பெண்களுக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கை, முழுக்கால் லைக்ரா உடை இருக்கிறது.

ஓட்டத்தில் ஏமாற்றுவது உடல்நலம் தேறுவதுதான். ஐந்தாறு கிழமையில் இதயமும் நுரையீரலும் பழகி, ‘இன்னும் ஓடலாம்’ என்று தோன்றும். தசைநாண் அந்த வேகத்தில் பழகாது, அதற்கு மாதக்கணக்கு வேண்டும். குதிகால் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஒரு காலத்தில் வெபர் மைதானத்தில் பந்து உதைத்தவர்கள் இதில் முதலில் மாட்டுவார்கள். மனதில் இருக்கும் வேகம் இருபது வயதுக்குரியது. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுச் சுற்று. கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கூடவே படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரு காலால் உயர்ந்து, ஒரு காலால் மெதுவாகக் குதிகாலை இறக்கும் பயிற்சி: ஒவ்வொரு காலுக்கும் 15 தரம், மூன்று முறை, ஒன்றுவிட்டொரு நாள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகால் விறைப்பு நாளுக்கு நாள் கூடினால் ஓட்டத்தை அரைவாசியாகக் குறையுங்கள்.

கடற்கரை மணல் மெத்தென்றிருக்கிறது, முழங்காலுக்கு நல்லது என்பது பாதி உண்மை. புதையும் மணலில் குதிகால் ஆழ இறங்குவதால் தசைநாண் கூடுதலாக இழுபடும். நம் கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிது. அதனால் ஈரமாய் இறுகிய மணல் ஒடுங்கிய கீற்றாகவே கிடைக்கும், அதுவும் கடல்பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க இடுப்பு நோகும். போன தூரமே திரும்பி வாருங்கள், அல்லது சப்பாத்துப் போட்டு மண்வீதியில் ஓடுங்கள்.

சைக்கிளுக்கு வீட்டில் நிற்கும் லுமாலாவே போதும். இருக்கை உயரத்தை மட்டும் சரிபாருங்கள்: மிதியடி அடியில் நிற்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சிறிது மடிந்து நிற்கும். இருக்கை தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும், உயர்ந்தால் பின்புறம். கியர் உள்ளவர்கள் கனத்த கியரில் திணறாமல் நிமிடத்துக்கு 80 சுற்றளவில் மிதியுங்கள். உப்புக்காற்றுக்குச் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிஞ்சியதை மறுபடி துடைத்துவிடுங்கள். மிஞ்சிய எண்ணெயில் மணல் ஒட்டினால் பற்சக்கரத்தின் பல்லெல்லாம் தேய்ந்துவிடும். காத்தான்குடி, ஆரையம்பதி ஊடாகக் கல்முனைக்குப் போகும் வீதி காலை ஏழு மணிக்குப் பிறகு சைக்கிளுக்கு ஆகாது. இருட்டில் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும் என்பதால் முன்விளக்கு வேண்டும். அம்பாறைப் பக்கத்தில் இங்கினியாகலை வீதி வெறிச்சென்று அழகாயிருக்கும். ஆனால் விடியலும் பொழுதுபடும் நேரமும் அங்கே யானைக்குரியவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்காற்றில் புறப்பட்டுக் காற்றோடு திரும்புங்கள். மாறிச் செய்தால் களைத்த நேரத்தில் வீடு எட்டாது. தலைக்கவசம் பற்றி விளக்கம் தேவையில்லை. போட்டியிலும் அதன் பட்டியைப் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டால் தண்டனை.

எட்டாம் கிழமையளவில் 40 நிமிடம் சைக்கிள் ஓடி, இறங்கியவுடன் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். கால் பாரமாகித் தன்னுடையதல்லாதது போலிருக்கும், சில நிமிடத்தில் சரியாகும். கிழமைக்கு ஒரு தரம் போதும்.

வெயில் ஏறுமுன், காலை ஏழரைக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. தாகத்துக்குக் குடியுங்கள். நிறை கூடும்வரை வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். நீண்ட பயிற்சிக்குப் பிறகு இளநீரோடு உப்புப் போட்ட கஞ்சியோ, ஒரு முட்டையும் மீனும் சேர்ந்த காலைச் சாப்பாடோ போதும். விலை கூடிய புரத மாவுக்கு அவசியமில்லை.

உள்ளூராட்சி மன்றங்களிடமும் தடாகம் வைத்திருக்கும் பாடசாலைகள், ஹோட்டல்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர்களுக்குத் தரும் நீச்சல் வகுப்பைப் போல வளர்ந்தவர்களுக்கும் கிழமையில் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதில் ஒன்று பெண் பயிற்றுநரோடு பெண்களுக்கு மட்டுமாக இருக்கட்டும். பாசிக்குடாவில் கரையோரமாக 200 மீற்றருக்கு மிதவைக் கயிறு கட்டிப் படகுகளை அதற்கு வெளியே ஓட விட்டால், காலை ஆறு முதல் எட்டு மணி வரையாவது நீந்துபவர்கள் பயமில்லாமல் இறங்கலாம். கயிறும் மிதவையும் நம் மீன்பிடிச் சாமான் கடைகளிலேயே கிடைக்கும்.

இப்படிக்கு,
நீச்சல், ஓட்டப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மட்டக்களப்பு