திண்ணையில் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து, அம்பாசமுத்திரம், முக்கூடல் பகுதிகளில் திண்ணையிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுவது பேருதவி. அதே வருகையில், மதுப்பழக்கத்தின் தீவிரத்தைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த ‘ஆடிட்’ வினாப்பட்டியலின் 10 கேள்விகளையும் கேட்கலாமே. எத்தனை நாளுக்கொரு முறை, எவ்வளவு குடிக்கிறீர்கள், தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாமல் போனதுண்டா என்று செல்லும் அவற்றுக்கு மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐ எட்டினாலே எச்சரிக்கை, 20-ஐ எட்டினால் அடிமைநிலை உண்டா என மருத்துவர் விரிவாகச் சோதிக்க வேண்டும்.

தினமும் குடிப்பவரை மட்டுமே நாம் குடிகாரர் என்கிறோம். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரே இரவில் அளவின்றிக் குடித்துவிட்டு, திங்களன்று ஒழுங்காக வேலைக்குப் போகிறவர் கணக்கில் வருவதில்லை. பீடித்தட்டை மடியில் வைத்து அவர் கடனை அடைக்கும் மனைவியும் வருவதில்லை.

விடிந்ததும் கை நடுங்குவதும், அதைத் தணிக்க மறுபடி குடிப்பதும் திமிர் அல்ல, நோய்க்குறி. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்த ஒருவர், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சட்டென்று நிறுத்தினால், ஓரிரு நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். நேர்த்திக்கடனை நான் குறை சொல்லவில்லை. கயிறு கட்டுமுன் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு நடை போய் வரட்டும் என்கிறேன்.

இக்கேள்விகளை வீட்டார் முன்னிலையில் கேட்டால் உண்மை வராது என்பதால், தனியே கேட்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி