வாங்கிய மென்பொருளை ஆராயக்கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருட்டு மென்பொருள் குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். காசு கொடுக்காமல் நகலெடுப்பது திருட்டுதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 1995இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் (உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை) ஒப்பந்தம், மென்பொருளை இலக்கியப் படைப்பு போலவே பாதுகாக்க உறுப்பு நாடுகளிடம் சொல்கிறது. சென்னையில் எழுதிய மென்பொருளுக்கு, பதிவு எதுவும் செய்யாமலே பிரேசிலிலும் பதிப்புரிமை கிடைப்பது அப்படித்தான்.

ஆனால் காசு கொடுத்து வாங்கியவரின் உரிமை பற்றித் தலையங்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பதிப்புரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், கருத்துக்கும் செயல்முறைக்கும் கிடையாது என்று சொல்வதும் அதே டிரிப்ஸ்தான். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், முறையாக வாங்கிய மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயவும், வேறு மென்பொருளோடு இணைக்கத் தேவையான விவரம் எளிதில் கிடைக்காதபோது அதை நாமே கண்டறியவும் அனுமதிக்கிறது.

நடைமுறை அப்படியில்லை. திருப்பூரில் சிறிய எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறேன். ஷிஃப்ட்டுக்கு எத்தனை பீஸ் ஓடியது என்ற கணக்கு, இறக்குமதி மெஷினோடு வந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதை எங்கள் பில்லிங் மென்பொருளுக்குக் கொண்டுவர உள்ளூர் இளைஞர் ஒருவர் புரோகிராம் எழுதித் தரத் தயார். உரிம ஒப்பந்தமோ ஆராயவே கூடாது, வழக்கென்றால் விற்றவரின் நாட்டில்தான் என்கிறது. சட்டம் நம் பக்கம் இருந்தும், அங்கே போய் வாதாட எங்களைப் போன்றவர்களால் முடியுமா? ஆள் வைத்துக் கையால் பதிகிறோம்.

பிரிட்டனின் வேர்ல்டு புரோகிராமிங் நிறுவனம், உரிமத்தோடு வாங்கிய எஸ்ஏஎஸ் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர மென்பொருளை ஆராய்ந்து, அதே வேலையைச் செய்யும் மென்பொருளைத் தானே எழுதியது. உரிமம் பெற்றவர் ஆராயலாம், மென்பொருள் செய்யும் வேலைக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நிறுவனம் உரிமத்தை மீறியது, ஏமாற்றி உரிமம் பெற்றது என்ற புகார்களில் அமெரிக்காவில் தோற்றது, சுமார் 7.9 கோடி டாலர் இழப்பீடு! ஐரோப்பாவில் அதைக் காத்தது 1991ஆம் ஆண்டின் ஒரு விதி: ஆராய்வதைத் தடுக்கும் ஒப்பந்த நிபந்தனை செல்லாது.

நம் 52ஆம் பிரிவில் அந்த வரி இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். வெளிநாடுகளோடு வணிக ஒப்பந்தம் பேசும் அதிகாரிகள் இந்தப் பிரிவை விட்டுக்கொடுக்கவும் கூடாது. கொங்குப் பகுதி எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்புவார்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்